நாப்கினை மாற்ற ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் மே 28ஆம் தேதி மாதவிடாய் சுகாதார நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2014ஆம் ஆண்டில் தொடங்கிய இந்நாளுக்கு அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மாதவிடாய் பொதுவாக ஐந்து நாள் நீடிக்கிறது என்பதால் ஐந்தாம் மாதமும், சுழற்சி சராசரியாக இருபத்தெட்டு நாள் என்பதால் இருபத்தெட்டாம் தேதியும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்த நாளையொட்டிச் செய்தித்தாள்களில் வெளியாகும் படங்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மேடையில் ஒருவர் நாப்கின் பொட்டலத்தை நீட்ட, ஒரு சிறுமி தலைகுனிந்தபடி அதைப் பெற்றுக்கொள்வாள். அந்த உதவி தேவையற்றது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால், நகர்ப்புறக் குடிசைப் பகுதிகளில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், பொட்டலத்தோடு வீடு திரும்பும் அந்தச் சிறுமி அதை எந்த இடத்தில் வைத்துப் பிரிப்பாள், எந்தக் கதவைச் சாத்திக்கொண்டு பயன்படுத்துவாள் என்ற கேள்வியைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எழுப்ப விரும்புகிறேன்.

குடிசைப் பகுதி என்பதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் வாழ்விட அமைப்பு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. பாதுகாப்பான குடிநீர், முறையான கழிவறை, போதிய இடம், உறுதியான கட்டடம், எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சமில்லாத குடியிருப்பு உரிமை ஆகிய ஐந்தில் ஒன்றேனும் இல்லாத குடும்பம் அந்தக் கணக்கில் வரும். ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் வசித்தால் அங்கே போதிய இடம் இல்லை என்று அது கொள்கிறது. உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இத்தகைய குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். தண்ணீர், கழிவறை, இடம் என்னும் முதல் மூன்றையும் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருபவர்கள், அண்மையில் பூப்படைந்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகள்தான். இந்த மூன்றில் எது குறைந்தாலும் அக்குடும்பத்தில் எல்லோருக்கும் துன்பம் என்றாலும், மாதத்தில் ஐந்து நாள் அந்தத் துன்பத்தின் முழுச் சுமையும் அவர்கள்மேல் விழுகிறது.

நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அப்படியானால் ஒரு நாளைக்கு நான்கு முறை, ஐந்து நாளில் ஏறத்தாழ இருபது முறை மாற்ற வேண்டியிருக்கும். அந்த இருபது முறையும் அவளுக்கு மறைவான இடமும், கைகழுவத் தண்ணீரும் சோப்பும், பயன்படுத்தியதைச் சுற்றிப் போட ஒரு தொட்டியும் வேண்டும். ஒரே அறையில் தந்தையும் அண்ணன் தம்பிகளும் பாட்டியும் சேர்ந்து வாழும் வீட்டில் இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை. எல்லோரும் உறங்கிய பின்போ விடிவதற்கு முன்போ மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருக்கிறாள். நான்கு மணி நேரம் பன்னிரண்டு மணி நேரமாவது இப்படித்தான். சொல்லிக்கொடுத்தது அவளுக்கு மறந்துவிடவில்லை, மாற்றுவதற்கு இடம் கிடைக்கவில்லை.

வீட்டில் இடம் இல்லையென்றால் பொதுக் கழிவறை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். குடிசைப் பகுதியின் பொதுக் கழிவறையைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கண்ணால் பார்க்க வேண்டுகிறேன். காலை வேளையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும், உள்ளே சென்றவர் சற்றுத் தாமதித்தாலும் கதவு தட்டப்படும். கதவின் அடிப்பகுதி துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், தாழ்ப்பாள் உடைந்திருக்கும். ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்தபடி மற்றொரு கையால் உள்ளாடையில் நாப்கினைப் பொருத்த முடியாது என்பதால், தாயையோ தோழியையோ வெளியே காவலுக்கு நிறுத்தியாக வேண்டும். குழாய் பெரும்பாலும் உள்ளே இருக்காது. வெளியே உள்ள தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு எடுத்துச் செல்ல வேண்டும், கை கழுவவோ ஆடையில் பட்ட கறையை அலசவோ மீண்டும் எல்லோர் முன்னிலையிலும் வெளியே வர வேண்டும். விளக்கு எரியாத இரவில் அங்கே தனியாகச் செல்ல எந்தப் பெண்ணும் துணியமாட்டாள், பல இடங்களில் இரவில் அதைப் பூட்டியும் விடுகிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் வாங்கும் இடமாக இருந்தால், நாளொன்றுக்கு நான்கு முறை போக வேண்டியவள் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்வாள்.

நான் பணியிலிருந்த காலத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணைக் காய்ச்சலோடும் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோடும் அவளுடைய தாயார் அழைத்து வந்தார். அது முதல் முறை அன்று. மருந்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று வழக்கம்போல் சொன்னேன். “நிறையக் குடிச்சா எங்க போறது, சிஸ்டர்?” என்று அவள் கேட்டாள். பள்ளியிலும் வீட்டருகிலும் கழிவறைக்குப் போக அஞ்சி, காலையில் ஒரு குவளை, இரவில் ஒரு குவளை என்று தன் தாகத்தையே அவள் அளந்து வைத்திருந்தாள். மாதவிடாய் நாட்களில் அதுவும் பாதியாகக் குறையும். சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு வழி செய்கின்றன என்பது மருத்துவம் அறிந்த எவருக்கும் தெரியும். அவளுடைய நோய்க்கு நான் மருந்து கொடுத்தேன், நோயின் காரணத்துக்கு என்னிடம் மருந்து இருக்கவில்லை. எங்கள் பதிவேட்டில், எத்தனை பேருக்கு எத்தனை நாப்கின் வழங்கினோம் என்று எழுத ஒரு பத்தி இருந்தது. அதை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதப் பத்தி இல்லை. நானாகவே கேட்டு எழுதியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இந்தக் கேள்வியை உலக அளவில் கேட்கத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான். குடிநீரையும் கழிவறை வசதியையும் நாடுதோறும் கணக்கெடுக்கும் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் கூட்டுத் திட்டம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில்தான் மாதவிடாய் குறித்த தேசிய அளவிலான தரவுகளை முதன்முதலாகச் சேர்த்தது. அது கேட்கும் கேள்விகளில் ஒன்று, வீட்டில் இருக்கும்போது கழுவிக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் தனிமையான இடம் இருந்ததா என்பது. என்னைப் பொறுத்தவரை மற்றக் கேள்விகள் அனைத்துக்கும் அடிப்படை அதுவே.

நாப்கின் வாங்க இயலாமல் துணி பயன்படுத்தும் பெண்களும் இருக்கிறார்கள். துணியை நோயின் காரணம் என்று ஒரேயடியாகப் பழிப்பது சரியன்று. தூய பருத்தித் துணியைச் சோப்புப் போட்டு அலசி, நேரடி வெயிலில் முழுமையாக உலர்த்திப் பயன்படுத்தினால் தீங்கில்லை. கேடு வருவது, சோப்புக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு உள்ள வீட்டில் அரைகுறையாக அலசி, மற்றவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக வேறு ஆடைக்கு அடியிலோ கட்டிலுக்குக் கீழோ மறைத்து உலர்த்தி, ஈரம் காயும் முன்னரே மீண்டும் எடுத்துக் கட்டிக்கொள்வதால்தான். ஒடிசாவில் இரண்டு மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் துணி வைப்போரிடம் பிறப்புறுப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்றுகள் கூடுதலாகக் காணப்பட்டன. அந்த முடிவைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே ஆய்வின் மற்றொரு முடிவை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை: வீட்டில் தன்னைத் தூய்மை செய்துகொள்ளத் தனி இடம் இருந்த பெண்களுக்கு யோனி நுண்ணுயிர்த் தொற்று குறைவாக இருந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் வயது வந்த பெண்கள், சிறுமிகள் அல்லர். எனினும், நான் களத்தில் கண்டதும் அதுதான்.

உடலுக்குள் பொருத்தி இரத்தத்தைச் சேகரிக்கும் மாதவிடாய்க் குவளையைப் பற்றியும் இப்போது நிறையப் பேசப்படுகிறது. ஒரு குவளை பத்து ஆண்டு வரை உழைக்கும், குப்பை சேராது, பாதுகாப்பானது என்று 43 ஆய்வுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு கூறுகிறது. விருப்பமுள்ள பெண்ணுக்கு அது நல்ல வழிதான். ஆயினும் அதைப் பொருத்தும் முன் கையைக் கழுவ வேண்டும், அலச வேண்டும், சுழற்சிக்கு ஒரு முறையேனும் கொதிநீரில் இட வேண்டும். அதற்கும் தண்ணீரும் மறைவும் தேவைப்படுகின்றன. எந்தப் பொருளைக் கொடுத்தாலும், சுற்றி வந்து அந்தக் கதவின் முன்னால்தான் நிற்கிறோம்.

பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது என்பது இன்னொரு துன்பம். தொட்டி இல்லாத கழிவறையில் பெண்கள் அதைக் கழிவறைக்குள்ளேயே போட்டுவிட நேர்கிறது. உள்ளிருக்கும் உறிஞ்சுபொருள் நீரை ஈர்த்துப் பருத்துக் குழாயை அடைத்துவிடும், அடைப்பை எடுக்க வருகிற தூய்மைப் பணியாளர் அதைத் தன் கையால் தொட நேரும். சிறிய எரிகலன்களை வாங்கி வைப்பதைத் தீர்வாகச் சிலர் முன்மொழிகிறார்கள். நாப்கினில் நெகிழிப் பொருட்கள் உள்ளன. 800 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமின்றி அவற்றை எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுப் பொருட்கள் வெளியாகக்கூடும். வீடுகள் நெருங்கிக் கிடக்கும் பகுதியில் அந்தப் புகை எங்கே போகும்? மூடியுள்ள தொட்டி, சுற்றிப் போடத் தாள், நாள்தோறும் தவறாமல் அள்ளிச் செல்லும் ஏற்பாடு ஆகியவையே எளிதும் பாதுகாப்பும் ஆகும்.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம், மாதவிடாயைத் தூய்மை சார்ந்த விஷயமாக மட்டும் கருதாமல், உடல்நலமும் மனித உரிமையும் சார்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் வலியுறுத்தியது. குடிசைப் பகுதிச் சிறுமிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் உடனே விளங்கும். வளரிளம் பருவம் என்று அந்நிறுவனம் வகுக்கும் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தில் உடல் வேகமாக வளர்கிறது. அதற்கு இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். அதே காலத்தில்தான் மாதந்தோறும் இரத்தம் வெளியேறத் தொடங்குகிறது. ஒரு சுழற்சியில் பொதுவாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது, ஒவ்வொரு மில்லிலிட்டருடனும் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புச்சத்து போகிறது. நல்ல உணவு உண்ணும் பெண்ணின் உடல் இதை ஈடுசெய்துவிடும். வயிறு நிறையாத வீட்டுப் பெண்ணின் உடலால் அது முடிவதில்லை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தசோகை. சோர்வு, மூச்சு வாங்குதல், பாடத்தில் மனம் ஊன்ற இயலாமை என்று அது வெளிப்படும்போது, ‘சோம்பேறிப் பெண்’ என்ற பெயரையே வீட்டிலும் வகுப்பிலும் அவள் வாங்கிக்கொள்கிறாள்.

இதிலும் கழிவறைக்குப் பங்கு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடத்து ஈர மண்ணில் வளரும் கொக்கிப்புழு, வெறுங்காலின் தோல் வழியாக உடலில் நுழைந்து குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆகவே, கழிவறை இல்லாத குறை அந்தப் பெண்ணுக்கு மாதவிடாயின்போது ஒரு வகையில் துன்பம் தருவதோடு, மாதம் முழுவதும் மற்றொரு வகையில் அவள் இரத்தத்தையும் குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் பள்ளிகளில் தரப்படுவது நல்ல ஏற்பாடு. ஆனால் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையை விழுங்கிக் குமட்டல் வந்தவளும், மலம் கறுத்ததைக் கண்டு பயந்தவளும் அடுத்த வாரம் அதை எறிந்துவிடுவார்கள். உணவுக்குப் பின் விழுங்க வேண்டும், மலம் கறுப்பது இயல்பே என்று முன்கூட்டியே ஒருவர் பொறுமையாகச் சொன்னால், அந்தப் பெண்களில் பலர் மாத்திரையைத் தொடர்வார்கள்.

இரத்தப்போக்கு மிகுதியா, வலி இயல்பானதா என்பதைப் பிரித்தறியவும் இச்சிறுமிகளுக்கு யாரும் உதவுவதில்லை. பூப்படைந்த முதல் சில ஆண்டுகளில் சுழற்சி 21 நாளுக்கும் 45 நாளுக்கும் இடையே மாறி மாறி வருவது இயல்பு, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஓரிரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு உள்ள பெண்ணுக்கு, அது இருப்பதே சில வேளைகளில் முதல் மாதவிடாயின்போதுதான் தெரியவரும். வலியைப் பொறுத்துக்கொள்வதே பெண்ணின் இயல்பு என்று சொல்லி அனுப்பிவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். கருப்பையைச் சுருங்கச் செய்யும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளே அந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம், அதைக் கட்டுப்படுத்த மலிவான வலிநிவாரணிகள் இருக்கின்றன. அவற்றை மருத்துவ ஆலோசனையோடு, வலி முற்றும் முன் எடுத்தால் பள்ளி நாள் வீணாகாது. மருந்துக்கும் அடங்காத வலி, கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயாக இருக்கக்கூடும். பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு அது இருக்கிறது என்றும், ஆண்டுக்கணக்கில் கண்டறியப்படாமலே போகிறது என்றும் மருத்துவ உலகம் சொல்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவதும் இந்தப் பருவத்துத் தேவைகளில் சேரும்.

அறியாமையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் நான் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் 2000 முதல் 2015 வரை நடந்த 138 ஆய்வுகளின் தொகுப்பில், பூப்படையும் முன்னரே மாதவிடாயைப் பற்றி அறிந்திருந்த பெண்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் என்று தெரியவந்தது. முதல் கறையைக் கண்டு, தனக்கு ஏதோ கொடிய நோய் வந்துவிட்டது என்று நடுங்கியபடி எங்களிடம் வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அதே தொகுப்பில், நான்கில் ஒரு பெண் அந்த நாட்களில் பள்ளிக்குச் செல்வதில்லை என்றும் கண்டறியப்பட்டது. அறிவை ஊட்டுவது தாய்மார்களிடமிருந்தே தொடங்க வேண்டும், தந்தையரையும் ஆண் பிள்ளைகளையும் விலக்கி வைக்கக் கூடாது. வீட்டின் ஒரு மூலையைத் திரையிட்டு ஒதுக்கித் தர வேண்டியவர்கள் அவர்களும்தானே.

எல்லாவற்றையும் பள்ளி வழியாகவே தருவதில் ஒரு குறையும் இருக்கிறது. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டு வேலைக்குச் செல்பவள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருத்தப்பட்டவள், சிறு வயதிலேயே திருமணம் செய்துவைக்கப்பட்டவள், நடக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பெண் ஆகியோர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. மிகுதியாகத் துன்பப்படுவோர் அவர்களே என்பது என் உறுதியான கருத்து. அவர்களைத் தேடி வீட்டுக்கே செல்லும் சுகாதாரப் பணியாளர் இன்றி எந்தத் திட்டமும் அவர்களை எட்டாது.

நாப்கினின் விலையைக் குறைக்க அரசுகள் முயன்றிருக்கின்றன என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். கென்யா 2004ஆம் ஆண்டில் அதன்மீதான மதிப்புக்கூட்டு வரியை நீக்கியது. இந்தியா 2018ஆம் ஆண்டு ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்களித்தது. தேவைப்படும் எவரும் கட்டணமின்றிப் பெறலாம் என்ற சட்டத்தை ஸ்காட்லாந்து 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இவை அனைத்தும் பொருளைப் பெண்ணின் கைக்குக் கொண்டு சேர்க்கும் முயற்சிகள். அதே அக்கறையை அந்தப் பொருளைப் பயன்படுத்தும் இடத்தின்மீதும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமும் அன்று. ஏற்கெனவே கட்டப்பட்ட பொதுக் கழிவறைகளில் பெண்கள் பகுதிக்குத் தனி வாயில், உள்ளிருந்து இடும் உறுதியான தாழ்ப்பாள், உள்ளேயே ஒரு குழாய், துணிப்பையை மாட்ட ஒரு கொக்கி, இரவு முழுவதும் எரியும் விளக்கு, மூடியிட்ட தொட்டி ஆகியவற்றை அமைத்தாலே பாதிக் குறை தீரும். துணி துவைத்து வெயிலில் உலர்த்த, சுவர் எழுப்பி மேலே திறந்துவிட்ட ஒரு சிறு முற்றம் இருந்தால் இன்னும் நன்று. கட்டணம் வாங்கும் இடங்களில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் விலக்களிக்க வேண்டும். உடைந்த தாழ்ப்பாளை யாரிடம் சொன்னால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்று கழிவறைச் சுவரிலேயே எழுதி வைக்க வேண்டும். இவற்றைத் திட்டமிடும் பொறியாளர், வரைபடத்தை முடிக்கும் முன் அப்பகுதிச் சிறுமிகள் நான்கு பேரை உட்காரவைத்து, எந்தப் பாதையில் போக அவர்களுக்குப் பயம், எந்த நேரத்தில் பூட்டியிருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறந்தால் வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெண் அலுவலர் ஒருவர் உடனிருந்தால் அவர்கள் தயங்காமல் பேசுவார்கள். நான் கேட்டபோதெல்லாம் பேசியிருக்கிறார்கள்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்க விழைகிறேன். அடுத்த மே 28 அன்று நாப்கின் வழங்கும் நிகழ்ச்சிக்குத் தங்கள் செய்தியாளரை அனுப்பும்போது, நிகழ்ச்சி முடிந்ததும் அச்சிறுமிகள் நாள்தோறும் பயன்படுத்தும் கழிவறைக்கு ஒரு பெண் செய்தியாளரையும் அனுப்பிவையுங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, இரவு ஒன்பது மணிக்கு விளக்கு எரிகிறதா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் அதே இடத்துக்குச் சென்று பார்த்து, அதையும் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்